டைட்டன் கடலுக்கு ஒரு சப்மரீன்: திரும்பத் திரும்பக் கேக்கிற கேள்விகள்

போன மாசம் வெள்ளவத்தையில ஏ.எல் பிள்ளையள் கொஞ்சப் பேருக்கு, சனிக் கிரகத்தின்ர நிலவில இருக்கிற கடலுக்குள்ள ரோபோ சப்மரீன் விடுற யோசனை பற்றி அரை மணித்தியாலம் கதைச்சன். கேள்வி ஒண்டரை மணித்தியாலம் போச்சுது. பேந்து வாட்ஸப்பில தொடங்கினது இன்னும் முடியேல்ல, பிள்ளையள் மட்டும் இல்ல, அவையின்ர அம்மாமார், கப்பலில எஞ்சினியரா இருந்து பென்ஷன் எடுத்த ஒரு அண்ணை, எல்லாரும். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வொய்ஸ் அனுப்பி அலுத்துப்போச்சு, அதால ஒரே இடத்தில எழுதிவிடுறன்.

முதலே சொல்லிடுறன், நான் விண்வெளி ஆள் இல்ல. மீன் ஏத்துமதிக்காரருக்குக் குளிர் அறை போட்டுக் குடுக்கிறதுதான் தொழில். சூடு எங்கால வருது, எங்கால போகுது எண்டது மட்டும் தெரியும், அதால இதில அந்தப் பக்கம் கொஞ்சம் கூடத்தான் கதைப்பன்.

எங்க போற சப்மரீன் இது?

டைட்டன். சனியின்ர ஆகப்பெரிய நிலவு. 1655இல ஹொய்கன்ஸ் கண்டுபிடிச்சது. குறுக்கால 5150 கிலோமீட்டர், அதாவது புதன் கிரகத்தை விடப் பெரிசு. தடிப்பான வாயுமண்டலம் இருக்கு, பெரும்பாலும் நைதரசன், கொஞ்சம் மெதேன். நிலத்தில அமுக்கம் எங்கட கடற்கரையை விட ஒண்டரை மடங்கு மாதிரி, வெப்பநிலை மைனஸ் 179 பாகை, ஈர்ப்பு பூமியில ஏழில ஒரு பங்கு. பூமியைத் தவிர மேற்பரப்பில கடல், ஆறு, மழை எல்லாம் இருக்கிற ஒரே இடம் எண்டு எங்களுக்குத் தெரிஞ்சது இதுதான்.

2023இல வெடிச்சதும் டைட்டன் தானே, அதையா அனுப்பப் போகினம்?

இல்லை மாமி. அது டைட்டானிக் கப்பலைப் பாக்க 5 பேரோட அத்திலாந்திக்குக்குள்ள போய் நசுங்கின சின்ன நீர்மூழ்கி, அதுக்குத்தான் டைட்டன் எண்டு பேர் வச்சிருந்தவை. இது நிலவு. இதுக்குள்ள ஆக்கள் ஒருத்தரும் இல்லை.

கடல் எண்டா தண்ணியா?

தண்ணி அங்க கல்லு மாதிரி. மைனஸ் 179இல தண்ணிக்கட்டிதான் பாறை. ஓடுறது, தேங்குறது, மழையாப் பெய்யிறது எல்லாம் திரவ மெதேனும் எதேனும். நாங்கள் இரசாயனத்தில ஐதரோகாபன் எண்டு படிச்ச அதே சாமான், எங்கட வெக்கையில வாயு, அங்க திரவம்.

கசினி எண்ட விண்கலம் 1997 ஒக்ரோபரில வெளிக்கிட்டு 2004 நடுவில சனிக்குப் போய்ச் சேர்ந்தது. டைட்டன் முழுக்கச் செம்மஞ்சள் புகார் மூடியிருக்கிறதால சும்மா கமராவில நிலம் வடிவாத் தெரியாது, ராடார்தான் உதவினது. 2006இல வட துருவப் பக்கம் ராடார் படத்தில கறுப்புக் கறுப்பாக் குளங்கள் தெரிஞ்சது, பிறகு பாத்தா பெரிய கடலே மூண்டு: கிராக்கன், லைஜியா, புங்கா. கடலுக்கெல்லாம் கதைகளில வாற கடல் பூதங்களின்ர பேர்தான் வச்சிருக்கினம். லைஜியா கிட்டத்தட்ட 126,000 சதுர கிலோமீட்டர், எங்கட இலங்கை மாதிரி ரெண்டு. கிராக்கன் 400,000 அளவில, இலங்கை மாதிரி ஆறு. லைஜியாவுக்குள்ள வந்து விழுற ஒரு ஆறு 400 கிலோமீட்டருக்கு மேல நீளம், மகாவலி 335 தான்.

காஸ் கடல் எண்டா நெருப்புப் பிடிக்காதா?

எல்லா இடத்திலயும் இந்தக் கேள்வி வருது, அதுவும் 2022இல காஸ் கியூவில நிண்டவையிட்ட இருந்து. பிடிக்காது. எரியிறதுக்கு ஒட்சிசன் வேணும், டைட்டன் காத்தில அது இல்லை. லைட்டரே பத்தாது. நாங்கள் ஒட்சிசனைக் கொண்டுபோனாத்தான் பிரச்சினை, ரோபோவுக்கு மூச்சு விடத் தேவையில்லை, அதால கொண்டுபோறதும் இல்லை. இன்னொண்டு, சிலிண்டரில வாறது புரப்பேன், பியூட்டேன். மெதேன் எண்டது எல்என்ஜி கப்பலில கொண்டுவாற சாமான், அது மைனஸ் 162இல திரவமாகும்.

டைட்டனில இருக்கிற ஐதரோகாபன், பூமியில எங்களுக்குத் தெரிஞ்ச எண்ணெய், காஸ் இருப்பு முழுக்கச் சேர்த்தாலும் அதைப்போல நூறு மடங்குக் கணக்கில கூட எண்டு 2008இல கணக்குச் சொன்னவை. கொண்டுவர ஏலுமா எண்டு ஒருத்தரும் கேக்காதேங்கோ.

ஆழத்தில அமுக்கத்துக்கு நசுங்காதா?

இதைக் கேட்டது அந்தக் கப்பல் எஞ்சினியர் அண்ணை. அவர் வாழ்க்கை முழுக்கக் கடலோட இருந்தவர், சப்மரீன் எண்டா முதல் பயம் அமுக்கம்தான், நியாயமான பயம். ஆனா டைட்டனில அந்தப் பயம் தேவையில்லை, கணக்கைப் பாருங்கோ.

அமுக்கம் = அடர்த்தி × ஈர்ப்பு × ஆழம், ஓ.எல் காலத்துக் கணக்குத்தான். திரவ மெதேன் ஒரு கனமீட்டருக்கு 450 கிலோ மாதிரி, தண்ணியில பாதி கூட இல்லை. ஈர்ப்பு 1.35. நூறு மீட்டர் கீழ போனா கூடுறது 60,000 பஸ்கால் சொச்சம், அதாவது 0.6 பார் (ஒரு பார் எண்டா எங்கட கடற்கரையில இருக்கிற காத்தமுக்கம் மாதிரி). எங்கட கடலில நூறு மீட்டருக்கு 10 பார் கூடும். லைஜியாவின்ர ஆழம் 160 மீட்டர் எண்டு கசினி ராடார் அளந்தது, கிராக்கன் நடுவில 300 மீட்டர் வரைக்கும் இருக்கலாம் எண்டு ஒரு மதிப்பீடு. 300 எண்டே வையுங்கோ, மேல இருக்கிற வாயுமண்டலத்தையும் சேர்த்தா மூண்டரை பார் கூட வராது. டைட்டானிக் கிடக்கிற 3800 மீட்டரில 380 பாருக்கு மேல.

கார் டயர் ஒண்டில இருக்கிற அமுக்கம் எண்டு வச்சுக்கொள்ளுங்கோ. அண்ணை இதைக் கேட்டிட்டு "அப்ப உதென்ன கஷ்டமடா தம்பி, பரலுக்க மோட்டரைப் போட்டு விடலாமே" எண்டார்.

அப்ப என்னதான் கஷ்டம்?

சூடு. இந்த டிசைனில மற்ற எல்லாத் தலையிடியும் இதில இருந்துதான் வருது எண்டது என்ர கருத்து, நீங்கள் வேற மாதிரிச் சொல்லலாம்.

நாசா ஆக்கள் 2014இல ஒரு ஆரம்ப டிசைன் செய்தவை, கிளென் ஆராய்ச்சி நிலையத்தில ஸ்டீவன் ஓல்சன் தலைமையில, டைட்டனைப் பற்றி எழுதினதிலயே பெரிய கை எண்டு சொல்லக்கூடிய ரால்ஃப் லோரன்ஸும் அதில. ஆறு மீட்டர் நீளம், ஒரு பெரிய வான் மாதிரி, 1400 கிலோ அளவில, கிராக்கன் கடலுக்குள்ள 90 நாள் 2000 கிலோமீட்டர் ஓடவேணும். வேகம் செக்கனுக்கு ஒரு மீட்டர், காலிமுகத்திடலில பின்னேரம் நடக்கிற ஆக்கள் அதை முந்திப் போவினம். 2000 எண்டா யாழ்ப்பாணத்துக்கு ரெண்டு தரம் போய் வந்து, திரும்ப ஒருக்கா அங்க போய் நிக்கிற தூரம். மோட்டர், சத்தத்தை அனுப்பி எதிரொலியில பாக்கிற சோனார், கம்பியூட்டர், சிக்னல் எல்லாத்துக்கும் ஒரு கிலோவாட் அளவு கரண்ட் வேணும்.

அந்த ஒரு கிலோவாட் எங்கால வரும்? சூரியன் சரிவராது, சனியிட்ட வாற வெளிச்சம் எங்களுக்கு வாறதில நூறில ஒண்டு, புகாருக்குள்ளால நிலத்துக்கு வரேக்க இன்னும் குறைவு, கடலுக்குள்ள கேக்கவே வேண்டாம். பற்றரி ஒரு நாள் ரெண்டு நாளில முடிஞ்சிடும். மிச்சம் புளூட்டோனியம்-238. அது தானாச் சிதைஞ்சு சூடு விடும், அரைவாசியாக 87.7 வருசம் எடுக்கும். அந்தச் சூட்டில இருந்து கரண்ட் எடுக்கிறது, ஆனா எடுக்கேக்க பெரும்பகுதி வீண். செவ்வாயில ஓடுற ரோவர்களில இருக்கிற ஜெனரேட்டர் 2000 வாட் சூட்டுக்கு 110 வாட் கரண்ட்தான் தரும். அதால இந்த டிசைனில, சூட்டில வாயு விரிஞ்சு சுருங்கி ஓடுற ஸ்டெர்லிங் எஞ்சின் போடுறதா யோசிச்சவை, அது நாலில ஒண்டைக் கரண்ட் ஆக்கும். அப்பிடியெண்டாலும் ஒரு கிலோவாட்டுக்கு நாலு கிலோவாட் சூடு, அந்த நாலும் கடைசியில கடலுக்குள்ளதான் போகவேணும், வேற போக இடமில்லை. ரெண்டு மின்சாரக் கேத்திலை மைனஸ் 179 கடலுக்குள்ள இரவும் பகலும் போட்டு வச்ச மாதிரி.

சூடாக்கினா என்ன, கடல் பெரிசுதானே எண்டுறீங்கள். ஜின்ஜர் பியர் போத்தலை நினையுங்கோ. பிரிட்ஜில இருந்து எடுத்தா அமைதியா இருக்கும், வெயிலில வச்சுத் திறந்தா பொங்கி மேசை முழுக்க ஊத்தும். உள்ள கரைஞ்சிருக்கிற வாயு சூட்டில வெளிய வாறது. டைட்டன் கடலில அப்பிடிக் கரைஞ்சிருக்கிறது நைதரசன், மெதேன் கூடின கடலில அது நிறையக் கரையும், கொஞ்சம் சூடுபட்டாலே குமிழி கட்டி வெளிய வரும். சப்மரீன்ர சுவர் சூடா இருந்தா அதைச் சுத்தி எந்தநேரமும் குமிழி. குமிழிக்குள்ளால சோனார் போகாது, கமராவில நுரைதான் தெரியும். ஓடிக்கொண்டு இருந்தா குமிழி பின்னுக்குப் போய் புரப்பெல்லரில அடிபடும், நிண்டா சென்சரைச் சுத்தி நிக்கும். சென்சரெல்லாம் மூக்கில, சூடெல்லாம் வாலில எண்டு பிரிச்சு வைக்கிறதுக்குக் காரணம் இதுதான்.

நல்லா இன்சுலேஷன் போட்டு மூடினாச் சரிதானே?

என்ர தொழில் கேள்வி, நன்றி. குளிர் அறையில நாங்கள் வெளிச் சூடு உள்ள வராமப் பாக்கிறம், அங்க உள்ச்சூடு வெளிய போறதை மறிக்கவேணும், சுவர் அதே சுவர்தான். ஆனா முழுக்க மூடேலாது. நாலு கிலோவாட்டும் உள்ளயே நிண்டா ரெண்டு மூண்டு நாளில எலக்ட்ரோனிக்ஸ் வெந்திடும். விட்டா கடல் பொங்கும், விடாட்டி சப்மரீன் அவியும். அதால பெட்டிக்குள்ள மட்டும் எங்கட அறை வெப்பநிலை மாதிரி வச்சுக்கொண்டு, மிச்சச் சூட்டை ஒரு இடத்தில குவிக்காம உடம்பு முழுக்கப் பரவவிட்டு, சதுர அடிக்கு இவ்வளவுதான் எண்டு கட்டுப்படுத்தி விடவேணும். 2005இல கசினியில இருந்து கழண்டு டைட்டனில இறங்கின ஹொய்கன்ஸ் எண்ட சின்னக் கலத்துக்குள்ளயும் நுரை இன்சுலேஷன்தான் போட்டவை.

ரப்பர் சீல்? மறந்திடுங்கோ. குளிர் அறைக் கதவு கஸ்கெட்டே மைனஸ் 40இல விறைச்சு வெடிக்கிறதை மாசத்துக்கு ஒருக்கா பாக்கிறன், மைனஸ் 179இல ரப்பர் கண்ணாடி. சாதாரண உருக்கும் அப்பிடித்தான், தட்டினா உடையும். அலுமினியம், டைட்டேனியம், சில ஸ்டெயின்லெஸ் வகை தாங்கும், எல்என்ஜி டாங்கி செய்யிறவைக்கு இது பழைய கதை.

தாழுறதும் மிதக்கிறதும் எங்கட சப்மரீன் மாதிரித்தானா?

இல்லை, இதுதான் எனக்குப் பிடிச்ச பகுதி. முதல்ல ஒரு கதை.

அக்கான்ர மகனும் நானும் பிவிசி பைப்பில ஒரு விளையாட்டுச் சப்மரீன் செய்தனாங்கள், ஊசிமருந்து சிரிஞ்சு ரெண்டு பலஸ்ட் டாங்கியா, அதாவது தாழத் தண்ணி எடுத்து மிதக்க வெளிய விடுற டாங்கி. பிளாட் மொட்டைமாடியில நீலப் பரலுக்க தண்ணி விட்டு, ஈயக்குண்டு கட்டிக் கட்டி, சிரிஞ்சை அரை அங்குலம் இழுத்தாத் தாழும், தள்ளினா மிதக்கும் எண்ட அளவுக்கு ஒரு கிழமையா இருந்து சரிபண்ணினம். ஞாயிறு காலமை பெருமையா வெள்ளவத்தைக் கடற்கரைக்குக் கொண்டுபோய்க் கல்லுக்கு உள்பக்கம் விட்டா, சனியன் தாழவே இல்லை. சிரிஞ்சு முழுக்க இழுத்தாச்சு, முதுகு வெளிய தெரியுது. பார்த்துக்கொண்டு நிண்ட மீன்காரர் சிரிச்சார். உப்புத்தண்ணி நல்லதண்ணியை விட நூறுக்கு ரெண்டரை வீதம்தான் அடர்த்தி கூட, அந்த ரெண்டரையை நாங்கள் கணக்கில எடுக்கேல்ல.

இப்ப டைட்டனுக்கு வாங்கோ. கனமீட்டருக்குச் சுத்த மெதேன் 450 கிலோ, சுத்த எதேன் 650 மாதிரி. மெதேன் மழை ஆறா வந்து விழுற இடத்தில ஒரு அடர்த்தி, அங்கால எதேன் தேங்கின இடத்தில இன்னொரு அடர்த்தி, ஒரே கடல்தான். 1400 கிலோ சப்மரீன் மெதேனில மிதக்க 3.1 கனமீட்டர் உடம்பு வேணும். அதே உடம்பு எதேனுக்குள்ள போனா 2000 கிலோவைத் தள்ளும், அப்ப தாழுறதுக்கு 600 கிலோ திரவத்தைக் கூட உள்ள எடுக்கவேணும். எங்களுக்கு ரெண்டரை வீதத்துக்கே மீன்காரர் சிரிச்சவர். சுத்த எதேன், சுத்த மெதேன் எண்டு ரெண்டும் ஒரே பயணத்தில வராது, கலந்துதான் இருக்கும், ஆனா டிசைன் செய்யிறவர் ரெண்டு கரையையும் பாத்துத்தான் டாங்கியின்ர அளவைத் தீர்மானிக்கவேணும். இதில இன்னொரு விசயம், தேக்குக் கட்டை மெதேனில தாழும், தண்ணிக்கட்டியும் தாழும். அவ்வளவு லேசான கடலில மிதக்கிற மாதிரி ஒரு உலோகப் பெட்டி கட்டுறதே ஒரு வேலை.

டாங்கியில இருந்து திரவத்தை வெளிய தள்ள எங்கட சப்மரீன் அமுக்கின காத்தை ஊதும். அங்க சுத்தவர நைதரசன் சும்மா கிடக்குது, அதை எடுத்து ஊதலாமே எண்டு ஒரு பிள்ளை கேட்டது, நல்ல கேள்வி. ஊதினா அது மெதேனுக்குள்ள கரைஞ்சுபோகும், 5 பார் தாண்ட அமுக்கினா அந்தக் குளிரில தானே திரவமாயிடும். ஊதின காத்துக் காணாமப்போற டாங்கியை வச்சு என்ன செய்யிறது. அதால கரையாத, உறையாத வாயு வேணும், ஈலியம் இல்லாட்டி நியோன், வீட்டில இருந்து கொண்டுபோய், ஒவ்வொரு தரமும் வெளிய விடாமத் திருப்பி எடுத்துப் பாவிக்கவேணும். இல்லாட்டி நடுவில பிஸ்டன் போட்டு வாயுவையும் திரவத்தையும் தொடவிடாமப் பிரிக்கவேணும், எங்கட சிரிஞ்சு மாதிரி.

இதுக்குள்ளயும் குமிழி வந்து மூக்கை நுழைக்கும். சுவரில ஒட்டின குமிழி சப்மரீனை மேல இழுக்கும், கழண்டா திடீரெண்டு கீழ போகும்.

கடல் உறைஞ்சுபோகாதா, ஐஸ்பேர்க் இடிக்காதா?

மெதேன் தனிய எண்டா டைட்டன் வெப்பநிலைக்குக் கொஞ்சம் கீழதான் உறையும், அதால இந்தப் பயம் இருந்தது. வொஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில 2018 அளவில ஒரு குளிர்ப் பாத்திரத்துக்குள்ள டைட்டன் கடலையே செய்து, சப்மரீனுக்குப் பதிலா 2 அங்குல ஹீட்டர் ஒண்டை உள்ள தொங்கவிட்டுப் பாத்தவை. கரைஞ்ச நைதரசன் உறைநிலையை இன்னும் கீழ கொண்டுபோகுதாம், அதால ஐஸ்பேர்க் பெரிய கவலை இல்லை. குமிழியைப் படமெடுத்து அளந்ததும் அங்கதான்.

சிக்னல் எப்பிடி வரும்?

ஒரு நல்ல செய்தி, ஒரு கெட்ட செய்தி. எங்கட கடல் உப்புத்தண்ணி, கரண்ட் கடத்தும், அதால ரேடியோ அலையை விழுங்கிடும், சப்மரீன் மேல வந்தாத்தான் கதைக்கலாம். மெதேன் கடத்தாது, ரேடியோவுக்கு அது கண்ணாடி மாதிரி. கசினியின்ர ராடார் லைஜியாவின்ர அடியில பட்டுத் திரும்பி வந்ததாலதான் 160 மீட்டர் எண்டு தெரியும். அதால ஆழத்தில இருந்துகொண்டே மேல கதைக்கலாம், மேல கேக்கிறதுக்கு ஒரு ஆள் இருந்தா.

கெட்டது தூரம். சனி 120 கோடியில இருந்து 166 கோடி கிலோமீட்டர் வரைக்கும். ஒரு வசனம் போய்ச்சேர ஒரு மணித்தியாலத்துக்கு மேல, ஒண்டரை மணித்தியாலம் வரைக்கும். 2014 டிசைனில முதுகில மீன் செட்டை மாதிரி நீட்டா ஒரு அன்டெனா நிக்கும், மேல வந்து நேர பூமிக்கு அனுப்புறதுக்கு. அந்தச் செட்டைதான் அதின்ர வடிவத்தையே கெடுத்தது, ஓடேக்க இழுவை, நிக்கேக்க பாரம். பிறகு வந்த ரெண்டாம் கட்ட ஆய்வில, மேல சுத்துற ஒரு துணைக்கோள் இருந்தா சப்மரீனைச் சின்னனாக்கலாம் எண்டு பாத்தவை. நான் அந்தப் பக்கம்தான், செலவு கூடினாலும்.

எண்டாலும் துணைக்கோளை நம்பினா அதிலயும் ஒரு பாடம் இருக்கு. ஹொய்கன்ஸ் ரெண்டு சனலில தரவு அனுப்பினது, கசினியில ஒரு ரிசீவரை ஓன் பண்ணுற கட்டளை போகேல்ல. 700 படத்தில 350தான் வந்தது. அந்தச் சனலில போன காத்து வேக அளவீட்டைப் பூமியில இருந்த பெரிய ரேடியோ தொலைநோக்கிகள் நேரடியாக் கேட்டு ஓரளவு காப்பாத்தினது.

துணைக்கோள் இல்லாம எப்ப வேணுமெண்டாலும் போகேலுமா?

ஏலாது. கடலெல்லாம் வட துருவத்தில. சனிக்கு ஒரு வருசம் எண்டா எங்கட 29.5 வருசம். 2025 மே மாசத்தோட சூரியன் தெற்குப் பக்கம் போயிட்டுது, சூரியன் இருக்கிற பக்கம்தான் பூமியும், அதால அடுத்த 15 வருசத்துக்கு வட துருவக் கடலில நிண்டு பாத்தா பூமி அடிவானத்துக்குக் கீழ. 2040கள்தான் திரும்ப நல்ல காலம். அந்த டிசைனிலயும் 2047 மட்டில போய்ச்சேருறதாத்தான் போட்டிருந்தவை.

ரிமோட்டில ஆர் ஓட்டுறது?

ஒருத்தரும் இல்லை. "முன்னுக்குப் பாறை" எண்டு அது சொல்லி, "திருப்பு" எண்டு நாங்கள் சொல்லி முடிய ரெண்டு மூண்டு மணித்தியாலம். தானாத்தான் ஓடவேணும்.

எப்பிடிக் கொண்டுபோய்க் கடலில போடுறது?

ஆறு மீட்டர் நீளச் சாமான் வழமையான வட்டக் கவசத்துக்குள்ள அடங்காது, அதால செட்டை வச்ச ஒரு சின்ன விண்விமானத்துக்க வச்சு, அதையே கடலில இறக்கி, அது தாழ சப்மரீன் கழண்டு வரும் எண்டது அப்பத்தைய யோசனை. படத்தில பாக்க நல்லா இருக்கும், எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. சின்னச் சப்மரீன் எண்டா கவசமும் பரசூட்டும் போதும். காத்துத் தடிப்பு, ஈர்ப்புக் குறைவு, ஹொய்கன்ஸ் பரசூட்டில இறங்கவே ரெண்டரை மணித்தியாலம் எடுத்தது.

ஏன் உள்ள போகவேணும், மேல ஒரு போட் விட்டாக் காணாதா?

போட் யோசனை வந்துதான் தோத்தது. எலன் ஸ்டோஃபான் தலைமையில லைஜியாவில மிதக்கவிட ஒரு கலம் 2011இல நாசாவின்ர இறுதி மூண்டுக்குள்ள வந்தது, 2012இல செவ்வாய்க்குப் போற இன்சைட் வெண்டிட்டுது. எனக்கு இண்டைக்கும் கவலைதான். அது போயிருந்தா இப்ப நாங்கள் வாசிச்சுக்கொண்டு இருக்கிறது வேற கதை.

ஆனா மிதக்கிறது மேலைத்தான் பாக்கும். அடியில படிஞ்சிருக்கிற சேறுதான் புத்தகம், மேல இருந்து விழுந்த ஐதரோகாபன் எல்லாம் படை படையா, காலநிலை மாறின கதை முழுக்க அதில இருக்கவேணும். பிறகு, 2013இல லைஜியாவில ராடார் படத்தில தீவு மாதிரி ஒண்டு திடீரெண்டு வந்து பிறகு காணாமப்போச்சு, மந்திரத் தீவு எண்டு பேர் வச்சவை. அலையா, மிதக்கிற சாமானா, நைதரசன் குமிழியா எண்டு இன்னும் அடிபாடு. குமிழி எண்டா பாருங்கோ, சப்மரீனுக்கு வாற அதே வருத்தம் கடலுக்குத் தானா வருது. இதோட கிராக்கனின்ர ரெண்டு பாகத்தையும் தொடுக்கிற ஒடுக்கமான நீரிணை, 17 கிலோமீட்டர் அகலம், எங்கட பாக்கு நீரிணையை விடச் சின்னன், சனியின்ர இழுவையில வாற பெருக்கு வத்து அதுக்குள்ளால எப்பிடி ஓடும் எண்டு உள்ள நிண்டு அளந்தாத்தான் தெரியும்.

இடையில ஒண்டு. கொழும்பில இருந்து, இங்கத்தைக் கடலுக்க மூழ்கித் திரிஞ்சு, விண்வெளியைப் பற்றி எழுதினவர் ஆதர் சி. கிளார்க். 2007இல கசினி ஐயபெட்டஸ் எண்ட இன்னொரு நிலவுக்குக் கிட்டப் போகேக்க வீடியோவில வாழ்த்து அனுப்பினவர், அடுத்த மார்ச்சில காலமானார். கடலுக்கும் சனிக்கும் இடையில உள்ள ஆசை எங்கட ஊருக்குப் புதுசில்லை எண்டதுக்காகச் சொன்னன்.

அங்க மீன் இருக்குமா? உயிர் ஏதும்?

மீன் இல்லை. எங்கட மாதிரி உயிருக்குத் திரவத் தண்ணி வேணும். மெதேனில வேற விதமான உயிர் வரலாமா எண்டு இரசாயனக்காரர் கணக்குப் போடுகினம், 2017இல டைட்டன் காத்தில அக்ரைலோநைட்ரைல் எண்ட மூலக்கூறு இருக்கிறதை உறுதிப்படுத்தினவை, கலமென்சவ்வு மாதிரி ஒண்டு கட்ட அது உதவலாமாம். அதுக்கு மேல நான் கதைக்கேல்ல.

இந்தச் சப்மரீன் உண்மையா எப்ப போகும்?

இப்பத்தைக்கு இது கடதாசியில இருக்கிற டிசைன், ஒருத்தரும் கட்டேல்ல. ஸ்டெர்லிங் ஜெனரேட்டர் வேலையையும் 2013இல நாசா நிப்பாட்டிட்டுது. ஆனா டைட்டனுக்கு வேற ஒண்டு போகுது: டிராகன்ஃபிளை, எட்டு விசிறி வச்ச ட்ரோன் மாதிரி, 2028 ஜூலையில வெளிக்கிட்டு 2034இல சேரும். அது போறது மத்திய கோட்டுக்குக் கிட்ட இருக்கிற மணல்மேடுகளுக்கு, கடலுக்கு இல்லை.

யூரோப்பாவுக்கு விட ஏலாதா?

வியாழன்ர அந்த நிலவில தண்ணிக் கடல், ஆனா மேல கிலோமீட்டர் கணக்கில பனி மூடி. முதல்ல துளைக்கவேணும். டைட்டனில கடல் திறந்து கிடக்குது, அதுதான் வித்தியாசம்.

வீட்டில செய்து பாக்க ஏதும் இருக்கா?

பிவிசி சப்மரீன் செய்யிறது எண்டா மோட்டருக்குப் பஞ்சிகாவத்தையில தேடுங்கோ, பழைய கார் வைப்பர் டாங்கிப் பம்ப் மலிவு, தண்ணி உள்ள போகாது. கடலில விடுற ஆக்கள் பரலுக்க உப்பைக் கரைச்சே ஈயக்குண்டு கட்டுங்கோ.

அது பெரிய வேலை எண்டா, ஒரு கிளாஸில ஜின்ஜர் பியர் ஊத்தி கேக்குக்குப் போடுற பிளம்ஸ் நாலைஞ்சு போடுங்கோ. தாழும். குமிழி ஒட்டும், மேல வரும், மேல குமிழி உடைய திரும்பத் தாழும். ஒரு தரம் பிரிட்ஜில இருந்து எடுத்த போத்தலில, ஒரு தரம் மேசையில கிடந்த போத்தலில. பிளம்ஸ் கீழ போய் மேல வர எத்தினை செக்கன் எண்டு எழுதி அனுப்புங்கோ, எந்தப் போத்தல் எண்டதையும் மறக்காமப் போடுங்கோ, போன முறை மூண்டு பேர் அதை எழுதாம அனுப்பி எனக்கு ஒண்டும் விளங்கேல்ல.